பரவால்லன்னா என்ன அர்த்தம்

பரவால்லன்னா ‘நோ ப்ராப்ளம்’னு அர்த்தமாம். நாங்க போடற பதிவையெல்லாம் சரிபார்க்கற நினாத் பூனாவுல உக்காந்துக்கிட்டு சொல்றான். அவன் முகத்தை நான் நேர்ல பார்த்ததில்லை, திரையில ஒரு வட்டத்துக்குள்ள கண்ணாடி போட்ட சின்னப் படம், அவ்வளவுதான். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது அவனுக்கு. போன்ல மொழிபெயர்ப்புல போட்டுப் பார்த்திருப்பான், அது என்னத்தையோ கக்கியிருக்கும், அதை எடுத்து எனக்கே பாடம் நடத்தறான். போன்ல பேசற நோயாளி செல்லக்கனியம்மா மூச்சு வாங்குதுன்னு சொன்னதுக்கு நேரா நான் ‘தேறவில்லை’ன்னு போட்டிருந்தேன். நோயாளியே பரவால்லன்னு சொன்னது பதிவுல இருக்கே, நீ எப்படித் தேறலைன்னு போடலாம், ‘தேறி வருகிறார்’னு மாத்து, லஞ்ச் முடியறதுக்குள்ள மாத்து. கீழே ஒரு சிரிக்கிற பொம்மை வேற. அந்தப் பொம்மை மூஞ்சியில ஒரு அறை விடலாம் போல இருக்கு. தேறவில்லைன்னு போனா எங்க நர்ஸ் இன்னைக்கே அந்தம்மாவோட டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்வாங்க, அவர் மாத்திரையை நிறுத்திட்டு நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தேறி வருகிறார்னு போனா மாசக் கடைசியில மூட்டையோட மூட்டையா எங்கேயோ போய்ச் சேரும், யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க, அந்தம்மா பாட்டுக்கு மாத்திரையை முழுங்கிக்கிட்டே இருக்கும். மார்புப் புற்றுநோய்க்கு உள்ள மாத்திரை. நல்ல மாத்திரைதான், குறை சொல்லக் கூடாது, எத்தனையோ பேரை வீட்டுல நடமாட வச்சிருக்கு. ஆனா எங்கேயோ ஒருத்தருக்கு நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். முதல்ல வறட்டு இருமல், அப்புறம் நாலு எட்டு நடந்தா மூச்சு, அப்புறம் படுத்தா மூச்சு. ஆரம்பத்துல நிறுத்தினா தப்பிக்கலாம். பிந்திட்டா முடியாது. இதை நான் பரீட்சைக்குப் படிச்சேன், பெரிய கேள்வியாக்கூட வரலை.

அந்தம்மா பேசின பதிவைத் திரும்பவும் கேக்கறேன். ஹெட்போன் காதுல அழுத்தி அழுத்தி காது மடல் எரியுது. ‘இருமல் உண்டா அம்மா?’ன்னு என் குரல், பயிற்சி கொடுத்துத் தேய்ச்ச குரல், ஊர் மணம் ஒண்ணும் இல்லாத குரல். ‘லேசா உண்டு. மாடியில துணி எடுக்கப் போனா மூச்சு வாங்குது. பரவால்ல பிள்ள.’ இதுதான் மொத்தமும். அந்த வாங்குதுக்கும் பரவால்லக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேக்கறேன், ஒரு சின்ன இழுப்பு, நிறைய பேசினவங்க எச்சில் முழுங்கற மாதிரி, இல்லை முழுங்கலை, காத்துக்குத் தேடற மாதிரி. நினாத்துக்கு அது எங்கே கேக்கும்? எழுத்துல அந்த இடம் ஒரு புள்ளிதான். பரவால்லங்கறதுக்கு எங்க ஊர்ல அர்த்தம் கேட்டா நான் என்னன்னு எழுதுவேன். சாம்பார் எப்படின்னு கேட்டா பரவால்ல, அது நல்லா இல்லைன்னு அர்த்தம். காலை மிதிச்சிட்டேன் மன்னிச்சிக்கோங்கன்னா பரவால்ல, அது வலிக்குதுன்னு அர்த்தம். அப்பாவை அடக்கம் பண்ணிட்டு நான் மெட்ராஸ் திரும்பின மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு எப்படிம்மா இருக்கேன்னு கேட்டேன், பரவால்லடி எப்சின்னாங்க. எப்சி. ஹெப்சிபாங்கற பேரை வச்சதும் அவங்கதான், அந்த ஹ வராம என்னை எப்சி எப்சின்னே கூப்பிடறதும் அவங்கதான். பரவால்லன்னு சொன்னவங்க அன்னைக்கு ரெண்டு வேளையும் சாப்பிடலை, பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்க ஊர்ல நல்லா இருக்கறவங்க நல்லாருக்கேன்னுதான் சொல்வாங்க. பரவால்லன்னு சொன்னா கிட்டப் போய்ப் பார்க்கணும். இதை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு பார்ப்போம். கிட்டப் போய்ப் பார்க்கவும்னு எழுதறதுக்கு அந்தப் பெட்டியில இடமில்லை. தேறினார், தேறி வருகிறார், தேறவில்லை, தெரியவில்லை. இதுல ஒண்ணைத் தொடணும். மனுஷங்க நாலு விதமாத்தான் இருப்பாங்கன்னு எவனோ முடிவு பண்ணிட்டான்.

யாரோ மீன் குழம்பை மைக்ரோவேவ்ல வச்சிருக்காங்க, மாடி முழுக்க வாசனை, எனக்குப் பசிக்கலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் குப்பை மேடு, குப்பை எரியற புகை. இதைப் பார்த்துக்கிட்டே பேசறதுக்கா ஆறு வருஷம் படிச்சேன்னு தினமும் ஒரு தடவை தோணும், தோணினதும் சீ சும்மா இருன்னு என்னையே அதட்டுவேன். ஃபார்ம்.டி. பேருக்கு முன்னால டாக்டர் போட்டுக்கலாம்னு சொன்னாங்க. போட்டுக்கிட்டேன், வேறென்ன செய்ய. எங்க ஊரு நாசரேத்துல அம்மா சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாங்க, எப்சி டாக்டரு, மெட்ராஸ்ல. லீவுக்குப் போனா ஒருத்தர் முழங்காலைத் தூக்கிக் காட்டுவார், இன்னொருத்தர் நாக்கை நீட்டுவார். அம்மாகிட்ட தனியா சொன்னேன், நான் அந்த டாக்டர் இல்லம்மா, மருந்து டாக்டர். அப்போ மெடிக்கல் கடை வைக்கலாம்லான்னாங்க. வச்சிருக்கலாம். மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வார்டு வார்டா டாக்டர்ங்க பின்னாலயே சுத்தினேன், கையில பேடு, கழுத்துல அட்டை. ஒரு பெரியவருக்கு எழுதின ரெண்டு மருந்து ஒண்ணுக்கொண்ணு சேராதுன்னு சொன்னேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, சிஸ்டர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குதுன்னார். தள்ளி நின்னேன். அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகலை, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனார். அதுதான் இன்னும் அவமானம். நான் சொன்னது சரி, ஆனா சொன்னாலும் சொல்லாட்டாலும் உலகம் அது பாட்டுக்கு நடக்குது. கூடப் படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் தள்ளித் தள்ளி நின்னு எங்கெங்கேயோ போயிட்டாங்க. பிரிசில்லா அமெரிக்காக்காரங்க நோய்க்கெல்லாம் நம்பர் போடறா, கோடிங்காம். முகைதீன் மருந்துக் கம்பெனிக்கு மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற தாள் எழுதறான், யாருமே பிரிச்சுப் பார்க்காத தாள், அதை அவனே சொல்லிச் சிரிப்பான். இசக்கிராஜ் மூஞ்சிக்கு எந்தக் கிரீம் பூசணும்னு வீடியோ போடறான், அவனைத்தான் ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நான் போன் பேசறேன், மாத்திரைக் கம்பெனிக்காக, அந்த மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட மட்டும், மாசம் ஒரு தடவை. மருந்து படிச்சவங்க நாங்க மருந்து எடுத்துக் கொடுக்கறதைத் தவிர மத்த எல்லாம் செய்யறோம். நோயாளி உதவித் திட்டத்துலேர்ந்து பேசறோம், இந்த மாசம் மாத்திரை விடாம சாப்பிட்டீங்களா, தொந்தரவு ஏதும் உண்டா. எழுதிக் கொடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. மாத்திரையை நிறுத்துங்கன்னு சொல்லக் கூடாது, சாப்பிடுங்கன்னும் சொல்லக் கூடாது, பயப்படாதீங்கன்னுகூடச் சொல்லக் கூடாது. சிரிச்ச குரல்ல கேக்கணும், கேட்டதை எழுதணும். கிளி ஜோசியக்காரன் கிளிகூட ஒரு சீட்டு எடுக்கும், எனக்கு அதுவும் கிடையாது.

சரி, என்ன செய்யப் போறே எப்சி. சந்தேகம் இருந்தா நோயாளியை ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுக்கலாம், அதுக்கு அனுமதி உண்டு, கௌதமனே அப்போவே சொல்லிட்டுப் போனான். கௌதமன் எங்க டீம் லீட், நல்லவன்தான், நல்லவனா இருக்க நேரம் கிடைக்கறதில்லை அவனுக்கு. ‘ஹெப்சி, ஒரு கால் போட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டு க்ளோஸ் பண்ணிடுங்க, இதை வச்சுக்கிட்டு பூனாவோட சண்டை எதுக்கு?’ கூப்பிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இப்போ மூச்சு எப்படி இருக்கும்மான்னு கேப்பேன். சுத்தமா சரியாப் போச்சு பிள்ளைன்னு செல்லக்கனியம்மா அடிச்சுச் சொல்லும். அது பதிவாகும். அப்புறம் என் காதுக்கு மட்டும் கேட்ட அந்த இழுப்பை வச்சுக்கிட்டு நான் என்ன சாதிக்க முடியும். அதனால கூப்பிடாம இருக்கறதுதான் புத்திசாலித்தனம். கூப்பிடாம இருந்தா நினாத் அவனே மாத்திடுவான், மாத்தற அதிகாரம் அவன் கையில. கூப்பிட்டாலும் போச்சு, கூப்பிடாட்டாலும் போச்சு. விரல் அந்தப் பச்சை பட்டன்கிட்டப் போகுது, திரும்பி வருது. நம்பர் எனக்குத் தெரியாது, யாருக்கும் காட்ட மாட்டாங்க, பட்டனைத் தொட்டா மிஷினே போட்டுக் கொடுக்கும். பேரு, வயசு, தூத்துக்குடி மாவட்டம், அவ்வளவுதான் திரையில. உடன்குடிப் பக்கமா இருக்கும்னு பேச்சை வச்சு நானா நினைச்சுக்கிட்டது. செல்லக்கனிங்கற பேர்ல எங்க பக்கம் தெருவுக்கு ஒருத்தங்க உண்டு. முதல் தடவை பேசினப்போ என் தேய்ச்ச குரலுக்குள்ளேர்ந்து எப்படியோ மோந்து பிடிச்சிருச்சு அந்தம்மா. ‘நீ எந்த ஊரு பிள்ள? நம்ம பக்கம் மாதிரில்லா இருக்கு?’ சொல்லக் கூடாது, சொந்த விஷயம் பேசினா மார்க்கு குறைப்பாங்க. சென்னையிலேர்ந்து பேசறோம்மான்னேன். ‘சரி சரி, சாப்பிட்டியா?’ன்னு கேட்டுச்சு. அதுக்கும் எழுதிக் கொடுத்த தாள்ல பதில் கிடையாது. சாப்பிட்டேன்மான்னேன், சாப்பிடலை. இந்த ஊர்ல ரூம்ல கூட இருக்கறவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ரெண்டு பேரும் ஹெட்போனோட படுத்துக்கறோம். மாசம் பிறந்தா லிஸ்ட்ல செல்லக்கனியம்மா பேரு எங்கே இருக்குன்னுதான் முதல்ல தேடுவேன். எனக்கு வெக்கமா இருக்கு இதை நினைக்க. சீக்குக்காரங்க பேரை சினிமா டிக்கெட் மாதிரி தேடறேன்.

போட்டுட்டேன். நினைச்சுப் போடலை, விரல் பட்டுருச்சு. மணி அடிக்குது. எடுக்காதேம்மா, எடுக்காதே. எடுக்கலைன்னா தெரியவில்லைன்னு போடலாம், தெரியவில்லைங்கறது பொய் இல்லை, நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியலை, அதைப் போட்டா நினாத்தும் வாயை மூடுவான், அந்தம்மாவும் அது பாட்டுக்கு, ஐயோ என்ன நினைப்பு இது, அது பாட்டுக்கு என்ன, மாடிப்படியில துணியோட உக்காந்து மூச்சுக்குத் தவிக்கிறதா? மகன் மஸ்கட்ல. மருமக குழந்தைகளோட அங்கே போய் ஒரு வருஷம் ஆச்சுன்னு போன மாசமோ அதுக்கு முந்தியோ சொல்லுச்சு. எடும்மா. எடுத்துரு. இன்னும் அடிக்குது. படுத்திருக்குமா, போன் எட்டலையா, எழுந்திருக்க முடியலையா. என் உள்ளங்கையெல்லாம் வேர்க்குது. எடுத்துட்டாங்க. ஒரு பேச்சும் இல்லை, மூச்சு மட்டும், நடந்து வந்த மூச்சு. வணக்கம் அம்மா, நோயாளி உதவித் திட்டத்திலிருந்து ஹெப்சிபா பேசுறேன். ‘ஏ பிள்ள! நீயா? இன்னும் மாசம் பொறக்கலையே?’ என்ன சந்தோஷம் அந்தக் குரல்ல. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவுலேயே இருமல், வறட்டு இருமல், நிக்காம. நான் காத்துக்கிட்டு இருந்தேன். நிக்கட்டும்னு. நினாத், கேளு, இதுக்கு என்ன மொழிபெயர்ப்பு போடுவே? அம்மா, மூச்சு இப்போ எப்படி இருக்கு? ‘பரவால்ல.’ முன்னைவிட அதிகமா இருக்கா? ‘பரவால்லன்னு சொல்லுதேன்லா.’ அம்மா, உள்ளதைச் சொல்லுங்க. இது தாள்ல இல்லாத கேள்வி. என் வாயிலேர்ந்து வந்துருச்சு, அதுவும் சென்னைக் குரல் இல்லாம வந்துருச்சு: ‘யம்மா, எங்கிட்ட எதுக்கு மறைக்கிய?’ அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில் அடிச்சுது, அவங்க வீட்டுலயா பக்கத்து வீட்டுலயா தெரியலை.

‘நீ எழுதுவ,’ன்னாங்க. ‘நீ எழுதினா அவுக டாக்டர்ட்ட சொல்லுவாக. டாக்டரு மாத்திரைய நிறுத்துவாக.’ நிறுத்தினா நல்லதுதானம்மா, வேற மருந்து கொடுப்பாங்கல்லா. ‘அந்த மருந்துக்கு நீயா கூப்புடுவ?’ எனக்கு ஒரு நிமிஷம் புரியலை, புரிஞ்சதும் எழுந்து நின்னுட்டேன், ஹெட்போன் வயர் இழுத்து மறுபடி உக்கார வச்சுது. ‘முந்தி ரத்தத்துல அணு கொறஞ்சிட்டுன்னு நிறுத்தினாகல்லா. அப்ப நீ கூப்புடவே இல்ல. மாத்திரை இல்லாட்டி போன் வராதுன்னு அந்த நர்ஸு பிள்ள சொல்லிச்சு. எத்தன நாளு வாயத் தொறக்காமக் கெடந்தேன் தெரியுமா? மகன் ஞாயித்துக்கெழம பேசுவான், நல்லாருக்கியாம்மாம்பான், வச்சிருவான். நீதான் ஒவ்வொண்ணா கேப்ப, இருமல் உண்டா, தூக்கம் உண்டா, கை கால் வீக்கம் உண்டான்னு. எம் மகன்கூட அப்புடிக் கேட்டதில்ல பிள்ள.’ அது நான் கேக்கலைம்மா, தாள்ல எழுதியிருக்கு. இது மனசுக்குள்ள சொன்னதுதான். சிரிச்ச குரல்ல கேக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, அந்தச் சிரிச்ச குரல்தான் இந்த மனுஷியைக் கொல்லுது. மருந்து இல்லை. நான். தொந்தரவு ஏதும் உண்டான்னு மாசா மாசம் கேட்டுக் கேட்டு, தொந்தரவைச் சொல்லவே கூடாதுன்னு நானே கத்துக் கொடுத்திருக்கேன். இதுக்குப் பேரு எந்தப் புஸ்தகத்துல இருக்கு? எந்தப் பெட்டியில போடுவேன் இதை? கர்த்தாவே, நான் வார்டுலயே தள்ளி நின்னுக்கிட்டிருந்திருக்கலாம், வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம.

யம்மா இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, யாரையாவது கூட்டிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு இப்பவே போங்கன்னேன். இதுவும் சொல்லக் கூடாததுதான், சொல்லிட்டேன். ‘போவேன். நீ கூப்புடுவியா?’ மூச்சு வாங்கிக்கிட்டே பேரம் பேசுது. தேறவில்லைன்னு தொட்டதும் நர்ஸ் கூப்பிடுவாங்க, மருந்து நிக்கும், மருந்து நின்னதும் இந்தப் பேரு என் திரையிலேர்ந்து போயிடும், அப்புறம் நான் தேடினாலும் வராது. பக்கத்து ஸீட்ல யாருமில்லை. பதிவாகுதுன்னு தெரியும். நோயாளிகிட்ட நம்பர் வாங்கினதுக்கு முன்னாடி ஒரு பொண்ணை அன்னைக்கே பையைத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க, கௌதமன்தான் லிப்ட் வரைக்கும் கூடப் போனான். போகச் சொல்லட்டும். போய் மெடிக்கல் கடை வைக்கறேன். யம்மா, உங்க நம்பரைச் சொல்லுங்க, நானே எம் போன்லேர்ந்து கூப்பிடுதேன். சொல்லிட்டு, பேனாவை எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். வேர்வையில மை ஒட்டுமோ ஒட்டாதோன்னுகூட ஒரு கவலை.

‘எந் நம்பரா? எனக்கு எங்க தெரியும், மகன்லா வாங்கித் தந்தான்,’ன்னு அந்தம்மா சிரிச்சாங்க, சிரிப்புக்குள்ள இருமல். ‘நீ என்ன பிள்ள கிறுக்கு மாதிரி கேக்க? மாசா மாசம் நீதான எனக்குப் போடுத. எந் நம்பரு ஒங்கிட்ட இல்லாமலா இருக்கும்?’

பக்கத்துல யாரையாவது கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கணும். அந்தம்மா எழுந்து கதவு வரைக்கும் நடந்து, யாரையாவது கூப்பிட்டு, இந்த மூச்சோட. சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அங்கே மறுபடி இருமல், இந்தத் தடவை நிக்கவே இல்லை, போனைக் கீழே வச்சுட்டு இருமற சத்தம் தூரத்துல கேட்டுச்சு. திரும்ப எடுத்தப்போ குரல் பாதியாயிருந்தது. ‘இருக்குல்லா?’ன்னாங்க.

இருக்கும்மா, எங்கிட்ட இருக்குன்னேன். ‘அப்ப சரி. போறேன். ஆட்டோவுக்குச் சொல்லுதேன். நீ சாப்புடு.’ வச்சுட்டாங்க. தேறவில்லையைத் தொட்டேன். நினாத்துக்குக் காரணம் எழுதற இடத்துல மூச்சுத்திணறல் அதிகமாகியுள்ளது, நோயாளியே உறுதி செய்தார்னு எழுதினேன், ரொம்ப ஒழுங்கான இங்கிலீஷ்ல. நர்ஸுக்குப் போயிடுச்சுன்னு பச்சையா ஒரு வரி வந்தது. செல்லக்கனின்னு பேரு இருந்த இடம் கொஞ்ச நேரம் வெள்ளையா இருந்துச்சு, அப்புறம் கீழே இருந்த பேரெல்லாம் ஒவ்வொரு படி மேல ஏறி அந்த இடத்தை நிரப்பிடுச்சு.